5,043 ரூபிள்

காரின் நிறம் முடிவாகி, லோன் தாள்களில் கையெழுத்துப் போட்டு, டெலிவரிக்கு நல்ல நாளும் பார்த்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் இன்னொரு தாளை மேஜைமேல் நகர்த்தி வைத்தார்.

"இது மட்டும் பார்த்துடுங்க சார். எக்ஸ்டெண்டட் வாரண்டி."

கம்பெனி தருகிற 3 வருட வாரண்டி முடிந்த பிறகு இன்னும் 2 வருடம். 24,000 ரூபாய். 13 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்ட கைக்கு 24,000 ஒரு தொகையாகவே தெரியாது. அந்தத் தாள் கடைசியாக வருவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

"போட்டுடு தம்பி" என்றார் அப்பா. தாளில் என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட இல்லை.

"இருங்கப்பா, யோசிச்சு சொல்லுவோம்" என்றேன்.

அப்பா அதற்குமேல் பேசவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்ற டெமோ வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். 30 வருடம் டாக்ஸி ஓட்டியவர். வண்டி விஷயத்தில், அதுவும் வெளி ஆள் முன்னால், மகன் தன் பேச்சை மறுத்து அவர் பார்த்ததில்லை. எனக்கு அது வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது.

இது 2023 ஆகஸ்டில், காரைக்காலில். கார் என் பெயரில், தவணை என் சம்பளத்தில், ஓட்டப்போவது அப்பா. நான் சென்னையில் கோடு எழுதிக்கொண்டிருப்பவன், மாதம் ஒருமுறை ஊருக்கு வந்தால் அதிகம். அப்பாவுக்கு இடது முழங்கால் போய்விட்டது, க்ளட்ச் மிதித்தே போனது என்பது அம்மாவின் கட்சி. அதனால் ஆட்டோமேட்டிக் வண்டி. அதிலும் ட்யூவல் க்ளட்ச். மிதிக்க ஆளில்லாத அந்தக் க்ளட்சின் வேலையை ஒரு சின்ன கம்ப்யூட்டரும் சில வால்வுகளும் செய்கின்றன. அந்தப் பெட்டி கெட்டால் பெரும்பாலும் பிரித்துப் பார்ப்பதில்லை, அப்படியே கழற்றி வேறு மாட்டுவார்கள். பில் லட்சத்தைத் தாண்டும். ஷோரூம் எங்கள் ஊரில் இருந்தாலும் இந்த மாதிரி வேலைக்கு வண்டி கும்பகோணம் போயாக வேண்டும். 50 கிலோமீட்டருக்கு மேல், டோ பண்ணிக்கொண்டு.

அன்று இரவு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் 'குளியல்தொட்டி வளைவு' என்று ஒன்று சொல்லித்தருவார்கள். எந்த இயந்திரத்திலும் பழுதுகள் ஆரம்பத்தில் அதிகம், தயாரிப்பில் நேர்ந்த கோளாறெல்லாம் அப்போதே வெளியே வந்துவிடும். பிறகு ரொம்ப நாள் தரையோடு தரையாகக் கிடக்கும். தேய்மானம் தொடங்கும்போது மறுபடி ஏறும். முதல் 3 வருடம் கம்பெனி வாரண்டி, அதாவது தொட்டியின் இந்தப்பக்கச் சுவர். வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர் தாண்டாத அப்பாவின் வண்டிக்கு 4, 5ஆம் வருடங்கள் தொட்டியின் தரை. அந்தப்பக்கச் சுவரில் தேய்கிற சாமான்களான பிரேக் பேட், க்ளட்ச் தட்டு, டயர், வைப்பர் எல்லாம் வாரண்டித் தாளின் விலக்குப் பட்டியலில் ஏற்கெனவே இருந்தன. ஆக, தரைக்கு மட்டும் 24,000 ரூபாய்.

எண்களைப் போட்டேன். அந்த இரண்டு வருடத்தில் கியர்பாக்ஸ் போக 100இல் 10 வாய்ப்பு. இது நானே போட்ட எண், தாராளமாகவே போட்டேன். பில் 1,20,000. பெருக்கினால் 12,000. ஏசி, பவர் விண்டோ என்று சில்லறைப் பழுதுகளுக்கு ஒரு 4,000. மொத்தம் 16,000. அவர்கள் கேட்பது 24,000. கணக்கு சமமாக வேண்டுமென்றால் 100 வண்டியில் 17 வண்டிக்குக் கியர்பாக்ஸ் போக வேண்டும். 100க்கு 17 கியர்பாக்ஸ் போகிற காரை நான் முதலில் வாங்கவே கூடாது.

டாலஸில் இருக்கும் காலேஜ் நண்பனிடம் கேட்டேன். அங்கே இதை 'மெக்கானிக்கல் பிரேக்டவுன் இன்சூரன்ஸ்' என்று இன்சூரன்ஸ் கம்பெனியே விற்கிறதாம். அவன் பாலிசியில் ஒவ்வொரு ரிப்பேருக்கும் முதல் 250 டாலர் அவனுடையது. "எதுக்கு எடுத்த?" என்றேன். "தூக்கம் வரும்டா" என்றான். அப்போது அது எனக்குப் பதிலாகவே படவில்லை.

காரைக்காலில் ஒரு கார் எப்படிக் கெடும் என்பதையும் யோசிக்க வேண்டியிருந்தது. மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் வங்காள விரிகுடா. வடக்கே பூவத்தில் நுழைந்து தெற்கே வாஞ்சூரில் வெளியேற எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் அதிக நேரம் ஆகாது. இந்தச் சின்ன ஊரில் வண்டிக்கு எதிரிகள் மூன்று. உப்புக் காற்று, ஐப்பசி கார்த்திகைத் தண்ணீர், எலி. எங்கள் வீடு திருநள்ளாறு சாலையில், பின்னால் வயல். சம்பா அறுவடை முடிந்ததும் எலிகள் வயலைக் காலி செய்துவிட்டு வீடுகளுக்கு வரும், இன்னும் சூடு ஆறாத என்ஜினைவிட நல்ல இடம் அவற்றுக்கு எங்கே கிடைக்கும்?

வாரண்டித் தாளை இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். துரு கிடையாது. வெள்ளத் தண்ணீர் கிடையாது. எலி, அணில், பூச்சி கிடையாது. சரி, இன்சூரன்ஸில்? நம் நாட்டு மோட்டார் பாலிசிகள் தலைகீழ். வெள்ளம், புயல், தீ, திருட்டு உண்டு. ஆனால் தேய்மானமும், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் பழுதும் கிடையாது என்று தெளிவாகவே எழுதியிருக்கும். புது கார் என்றால் மூன்று வருடத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து இது உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி நடப்பது, அதில் நாம் யோசிக்க ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியதெல்லாம் நம் சொந்த வண்டிக்கான பகுதியில்தான். அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது.

அந்த ஓட்டையை 2015 டிசம்பரில் வேளச்சேரியில் பார்த்தேன். தண்ணீர் வடிந்த மறுநாள், எங்கள் அபார்ட்மெண்டில் ஒருவர் முழங்கால் அளவுக்கு மூழ்கிக் கிடந்த காரின் கதவைத் திறந்து, கடவுளைக் கும்பிட்டு, சாவியைத் திருப்பினார். ஒரு 'டக்'. அவ்வளவுதான். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் வளைவது கனெக்டிங் ராட்தான். வெள்ளம் செய்த சேதத்துக்குப் பணம் உண்டு, ஆனால் தண்ணீரோடு ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் 'விளைவுச் சேதம்' என்று மறுத்துவிட்டார்கள். என்ஜினுக்கென்று தனியாக ஒரு ஆட்-ஆன் இருக்கிறது, அவர் எடுத்திருக்கவில்லை. அதன் விலை எக்ஸ்டெண்டட் வாரண்டியைவிட எவ்வளவோ குறைவு. டெல்டாவில் கார் வாங்குகிறவர்கள் வேறு எதை விட்டாலும் அந்த என்ஜின் ஆட்-ஆனை விட வேண்டாம். அதை முதல் நாளே போட்டுவிட்டேன், அதில் எனக்கும் அப்பாவுக்கும் சண்டையே இல்லை.

வாரண்டி மட்டும் பாக்கி. என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நிரூபிக்கும் ஆவேசத்தில் பெர்னோலியின் கட்டுரையைத் தேடி எடுத்தேன். டேனியல் பெர்னோலி, கணித மேதை, செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் அகாதமிக்காக லத்தீனில் எழுதியது. 1738இல் அச்சானது. ஆங்கிலத்துக்கு 1954இல்தான் வந்தது. காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது 1739, இந்திய நிர்வாகத்துக்கு வந்தது 1954 நவம்பர் 1. இதற்கெல்லாம் எந்த அர்த்தமும் கிடையாது. ஆனால் ராத்திரி ஒரு மணிக்குத் தனியாக உட்கார்ந்திருப்பவனுக்கு இப்படிப்பட்ட பொருத்தங்கள் பெரிய விஷயம்.

அந்தக் கட்டுரையில் காயஸ் என்று ஒரு வியாபாரி வருகிறான். ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்கியிருக்கிறான், பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தால் 10,000 ரூபிளுக்குப் போகும். அந்தக் கடல்வழியில் 100 கப்பல் கிளம்பினால் 5 மூழ்கிவிடும். சராசரி நஷ்டம் 500 ரூபிள். இன்சூரன்ஸ்காரன் கேட்பது 800. அநியாய விலை. காயஸ் எடுக்க வேண்டுமா, கூடாதா?

எடு என்றோ எடுக்காதே என்றோ பெர்னோலி சொல்வதில்லை. உன் கையில் வேறு எவ்வளவு இருக்கிறது என்று கேட்கிறார். இழப்பின் வலி இழந்த தொகையில் மட்டும் இல்லை, இழந்த பிறகு மிஞ்சியிருப்பதில் இருக்கிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. அதைச் சமன்பாடாக்கிப் பதிலையும் தருகிறார். இந்தச் சரக்கைத் தவிர 5,043 ரூபிளுக்குமேல் கையில் இருந்தால், எடுக்காதே. அதற்குக் கீழே என்றால் அந்த அநியாய விலையைக் கொடுத்தாவது எடுத்துவிடு. இதே பாலிசியை விற்கிறவன் பக்கமும் கணக்குப் போட்டிருக்கிறார், அவனிடம் குறைந்தது 14,243 ரூபிளாவது இருக்க வேண்டும். ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே விலை. ஒருவனுக்கு வாங்குவது புத்திசாலித்தனம், இன்னொருவனுக்கு விற்பது புத்திசாலித்தனம்.

என் எண்களை அந்தச் சமன்பாட்டில் போட்டேன். 1,66,000 ரூபாய் என்று வந்தது. கையில் அதற்குமேல் இருப்பவனுக்கு வாரண்டி வேண்டாம். என்னிடம் அதற்குமேல் இருந்தது. லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கினேன்.

காலையில் டீ குடிக்கும்போது அப்பாவிடம் ஜெயித்தவன் குரலில் விளக்கினேன். காயஸ், கப்பல், எல்லாம். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

"உன் கணக்கு சரிதான் தம்பி" என்றார். "உன் கணக்கு. கஞ்சனூர்ல நின்ன மாதிரி நடுரோட்ல வண்டி நின்னா நான் யாருக்குப் போன் பண்ணணும்? உனக்குத்தான? 'ஒரு லட்சம் ஆவுமாம்ப்பா'ன்னு கேக்கணும். அந்தத் தாள் இருந்தா யாரையும் கேக்க வேணாம்ல."

கஞ்சனூர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். நான் ஏழாம் வகுப்பு. அப்பா அம்பாசிடர் டீசல் வைத்திருந்தார், PY 02 நம்பர். நவக்கிரகக் கோயில் ட்ரிப்தான் எங்கள் சோறு. ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் காட்டிவிட்டு ராத்திரி திருநள்ளாற்றில் இறக்கிவிடுவார். சனிப்பெயர்ச்சி இரண்டரை வருடத்துக்கு ஒருமுறை வரும். அந்தச் சமயம் ஒரு மாதம் ஓடினால் அடுத்த ஆறு மாதத்தைப் பற்றிக் கவலையில்லை. அப்படி ஒரு பெயர்ச்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பெங்களூர்க் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு போய், கஞ்சனூர் தாண்டி வண்டி நின்றது. ரேடியேட்டர் ஒழுகியதை முள் காட்டவில்லை. ஹெட் வளைந்து, பிஸ்டன் பிடித்துக்கொண்டது. வேறு டாக்ஸி பிடித்து அவர்களை அனுப்பி, அதற்கும் தன் கையிலிருந்து காசு கொடுத்து, ராத்திரி லாரியில் வீட்டுக்கு வந்தார்.

லேத் பட்டறையில் போர் பண்ணி, பிஸ்டன் செட் மாற்றி, ஹெட்டைச் சமன் பண்ணி, 18,000 ரூபாய். வீட்டில் இருந்தது 2,000. அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது, மிச்சம் மூன்று வட்டிக்கு வாங்கினார். பட்டறையில் சாமான் வரத் தாமதமாகி, பெயர்ச்சியன்று ஊரே வெளியூர் வண்டிகளால் திணறியபோது எங்கள் வண்டி என்ஜின் இல்லாமல் தென்னை மரத்தடியில் நின்றது. அப்பா அன்று வெளியே வரவில்லை. நான் கடன் கேட்டுப்போன வீடுகளில் ஒன்றுக்கு அவருடன் போயிருக்கிறேன். திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனவர் வருவதற்கு ரொம்ப நேரம் ஆனது. அப்பா என் தலையை ஏனோ வாரிவிட்டுக்கொண்டே இருந்தார்.

வண்டி மறுபடி ஓட ஆரம்பித்ததும் சாமி மாடத்துக்குக் கீழே ஒரு பால்பவுடர் டின் வந்தது. ட்ரிப்புக்கு 50 ரூபாய். டின்மேல் சாக்பீஸால் 'என்ஜின்' என்று எழுதச் சொன்னார், நான்தான் எழுதினேன். கல்யாணம், காதுகுத்து என்று எது வந்தாலும் அந்த டின்னைத் தொட்டதில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிளிஞ்சல்மேட்டிலிருந்தும் காரைக்கால்மேட்டிலிருந்தும் ஆட்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவந்த வண்டிகளில் அப்பாவின் அம்பாசிடரும் ஒன்று. பின்சீட்டில் அம்மா போட்டு வைத்திருந்த துண்டுகளை அப்புறம் எரித்துவிட்டோம். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் ஊருக்கு ஒருவரும் வரவில்லை. கோயில் பார்க்க யார் வருவார்கள்? டின்னை அப்போதுதான் திறந்தார்கள். 7,400 ரூபாய் இருந்தது. முதல் நாள் ஓடிய ஓட்டத்துக்கு டீசல், அரிசி, வட்டி, என் பரீட்சை ஃபீஸ். பிப்ரவரி வரை அந்த டின்தான்.

'என்ஜின்' என்று எழுதியிருந்த டின் என்ஜினுக்காக ஒருநாளும் திறக்கப்படவில்லை. அது எதற்கெல்லாம் ஆகாது என்று பட்டியல் போட்டு யாரும் கையெழுத்து வாங்கியிருக்கவில்லை. அதே நேரம், அந்த 7,400ஐ வைத்துக்கொண்டு இன்னொரு 18,000 ரூபாய் பழுதைச் சந்தித்திருக்க முடியாது என்பதும் உண்மை. டின்னில் பணம் சேரும்வரை என்ஜின் காத்திருக்க வேண்டுமே. வாரண்டி முதல் நாளிலேயே முழுத் தொகைக்கு நிற்கும். இதில் எதையும் லேசாகத் தள்ளிவிட முடியாது.

நான் செய்த தப்பு கணக்கில் இல்லை. காயஸின் இடத்தில் என்னை உட்கார வைத்ததில் இருந்தது. கார் என் பெயரில் இருந்தாலும், கும்பகோணம் சாலையில் அது நிற்கும்போது ஓரத்தில் நிற்கப்போவது அப்பா. அவர் கையிருப்பு என்ன? பாஸ்புக்கை எடுத்துப் பார்த்தேன், 61,000. பில் 1,20,000 வந்தால் பெர்னோலிக்குச் சமன்பாடே தேவைப்படாது, வாங்கிவிடு என்பார். அப்பா தாளைப் பார்க்காமலேயே சொன்னதும் அதுதான்.

அன்றே போய் வாங்கியிருக்கலாம். ஆனால் தாளின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. கம்பெனி வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் இதை எடுத்துக்கொள்ளலாம், மூன்றாம் வருடம் எடுத்தால் 28,000. ஷோரூமில் யாரும் இதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 4,000 ரூபாய் அதிகம் கொடுத்தால் மூன்று வருடம் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்றால் எனக்கு அது மலிவு. கியர் மாறும்போது உதறுகிறதா இல்லையா என்பது அப்போது கம்பெனியைவிட அப்பாவின் முழங்காலுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு சர்வீஸையும் அவர்களிடமே செய்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

அதுவரைக்கும்? அப்பாவின் கணக்கில் 1,10,000 போட்டேன். ஏன் அந்த எண் என்று அவர் கேட்கவில்லை. எல்லோராலும் இப்படிப் போட முடியாது, எனக்கும் அந்த மாதம் கை கடித்தது. போன் பண்ணிச் சொன்னேன்.

"இது காருக்குப்பா. உங்க பணம். என்கிட்ட கேக்கவும் வேணாம், கணக்குச் சொல்லவும் வேணாம்."

"டயருக்கு எடுக்கலாமா?"

"எடுக்கலாம்."

"தண்ணி போனா?"

"எடுக்கலாம்பா."

"எலி?"

"எலிக்கும்தான்."

"ம்" என்றார். அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

2025 பொங்கலுக்குப் போயிருந்தபோது காரின் டேஷ்போர்டு பெட்டியில் எதையோ தேடினேன். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாளில் ஒரு பில் இருந்தது. 'ஒயரிங், டேப் சேத்து – 850.' அப்பாவின் பழைய சிநேகிதர் எலக்ட்ரீஷியன் கையெழுத்து. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பெனி வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது வெளி ஆளை ஒயரில் கைவைக்க விட்டால் நாளைக்கு அதையே காரணம் காட்டிக் கழித்துவிடுவார்களே.

"என்னப்பா இது? கும்பகோணத்துக்குச் சொன்னா வந்து எடுத்துட்டுப் போவாங்கள்ல?"

"எலி வாரண்டில இல்லன்னு நீதான சொன்ன?" என்றார். "ஒரு ஒயர், ரெண்டு மணி நேர வேலை. அதுக்குப் போயி டோ பண்ணச் சொல்றியா?"

எனக்கு அவர் போன் பண்ணவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தேன். நவம்பரில் நடந்திருக்கிறது, இரண்டு மாதமாக எனக்குத் தெரியாது.

இந்த ஆகஸ்டோடு மூன்று வருடம் முடிகிறது. கியர் உதறவில்லை. 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. போன வாரம் ஷோரூமிலிருந்து அதே பெண் பேசினார், குரல் ஞாபகம் இருந்தது. "சார், வாரண்டி முடியப்போகுது, எக்ஸ்டெண்ட் பண்ணிடலாமா? டேட் தாண்டிட்டா அப்புறம் முடியாது சார்." பெர்னோலி, தொட்டி, எல்லாம் ஒருமுறை தலைக்குள் ஓடியது. வண்டி ஓட்டுபவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அப்பாவின் நம்பரைக் கொடுத்தேன்.

அவர் என்ன சொன்னார் என்று அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டுச் சொல்லவில்லை. நேற்று ராத்திரி அப்பாவிடம் அரைமணி நேரம் பேசினேன். நெல் விலை, மாங்கனித் திருவிழாக் கூட்டம், அம்மாவின் சுகர். அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.